ஓடை திரும்பி ஓடிய இரவு



சிகாமட் என்றதும் உங்களில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது டுரியான் பழமாகத்தான் இருக்கும். பருவம் வந்துவிட்டால் சாலையோரமெல்லாம் கொட்டகை போட்டு விற்பார்கள். அந்த வாசனைக்காகவே காரை நிறுத்துகிறவர்களும் உண்டு. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பறக்கிறவர்களும் உண்டு. நான் இன்று உங்களை அழைத்துப் போக நினைப்பது ஆற்றங்கரைக்கு.

இந்த ஊரின் பெயரே ஆற்றுத் தண்ணீரிலிருந்து பிறந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. 1511இல் மலாக்கா போர்த்துக்கீசியர் கைக்குப் போனபின், தப்பி வந்த பெண்டஹாரா ஒருவர் இங்கே களைத்து இறங்கி, ஆற்றுநீரை அள்ளிக் குடித்துவிட்டு, "செகார் அமாட்!" என்றாராம். மிகவும் புத்துணர்ச்சியாக இருக்கிறது என்று பொருள். அதுவே மருவிச் சிகாமட் ஆயிற்றாம். இந்தக் கதையை வகுப்பில் சொன்னபோது நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன் எழுந்து, "அவரு டிசம்பர்ல வந்திருந்தா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு டீச்சர்" என்றான். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். ஆசிரியர் பயிற்சி முடித்து, சான்றிதழோடு 2005இல் இங்குள்ள தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு வந்தேன். மறு ஆண்டு இங்கேயே வாழ்க்கைப்பட்டேன். இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. எழுதாவிட்டாலும் இப்பக்கத்து வாசகர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்!

சரி, வாருங்கள். பட்டணத்தின் ஊடே ஓடுவது சிகாமட் ஆறு. கிழக்கே குன்றும் காடுமான பகுதியிலிருந்து இறங்கி வந்து, பட்டணத்தைக் கடந்து, மூவார் ஆற்றில் கலக்கிறது. மூவார் ஆறோ நெகிரி செம்பிலானில் கோலப்பிலா, பகாவ் பக்கத்துத் தண்ணீரையெல்லாம் வாரிக்கொண்டு ஜொகூருக்குள் நுழைந்து, நெளிந்து நெளிந்து மூவார் பட்டணத்தருகே கடலைச் சேர்கிறது. கெமாஸ் போகும் பழைய சாலையில் கொஞ்ச தூரம் போனால் பூலோ காசாப். அங்கே இந்த ஆற்றைப் பார்க்கலாம். நல்ல நாளில் பார்த்தால், பால் ஊற்றிய தேநீர் நிறத்தில், நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாதபடி கிடக்கும். இதுவா அப்படிச் செய்தது என்று கேட்கத் தோன்றும்.

அங்கிருந்து திரும்பி எங்கள் தோட்டத்துச் செம்மண் சாலையில் இறங்குகிறோம். இறங்குகிறோம் என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். முதலில் மேட்டின் உச்சியில், வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய துரை பங்களா, சுற்றிலும் புல்தரை. சற்றுக் கீழே சரிவில் கிராணிமார் வீடுகளும் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடமும். அதற்கும் கீழே லயங்கள், எங்கள் பள்ளிக்கூடம், மாரியம்மன் கோயில். எல்லாவற்றுக்கும் கீழே ஓடை. அது செம்பனைக் காட்டுக்குள் புகுந்து, ஒரு மைலுக்கு அப்பால் மூவார் ஆற்றில் விழுகிறது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்த வரிசை புதிதல்ல. யார் எந்த உயரத்தில் குடியிருக்கிறார் என்பதைப் பார்த்தே அவருக்கு என்ன சம்பளம் என்று சொல்லிவிடலாம். தண்ணீர் பக்கத்தில் இருந்தால் குளிக்கவும் துவைக்கவும் வசதி என்று அந்தக் காலத்தில் காரணம் சொன்னார்களாம். வசதிதான்.

2006ஆம் ஆண்டு டிசம்பர் மூன்றாவது வாரம். பள்ளி விடுமுறை. எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். என் வீட்டுக்காரருக்குப் பட்டணத்துத் தொழிற்சாலையில் இரவு வேலை. லயத்து வீட்டில் அத்தை, மாமா, நான். இரண்டு நாளாக விடாத மழை. கூரைத் தகரத்தில் விழுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் மழை விட்டது. மேகம் விலகி வெயில்கூட அடித்தது. லயத்துப் பெண்கள் ஈரத்துணிகளையெல்லாம் கொடியில் போட்டார்கள். பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

அப்போது கடைசி வீட்டுப் பாட்டி என் வாசலில் வந்து நின்றார். நாற்பது வருடம் மரம் வெட்டியவர். மகள் இறந்துபோக, மருமகன் எங்கோ போய்விட, ஆறு வயதுப் பேரனைத் தனியாக வளர்த்து வந்தார்.

"டீச்சரம்மா, ஓடையில சருகு மேலாக்கப் போவுது. கொஞ்சம் வந்து பாருங்க" என்றார்.

நான் போய்ப் பார்க்கவில்லை. வாசலில் நின்றபடியே, "காத்து தள்ளியிருக்கும் பாட்டி. அதான் மழை விட்டிருச்சே, இனிமே வடிஞ்சிரும்" என்றேன்.

பாட்டி சற்று நேரம் என் முகத்தையே பார்த்தார். "டீச்சரம்மா சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தோட்டத்தில் டீச்சர் சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டு, வாசகர்களே. பாட்டியின் பேச்சைக் கேட்டு மூட்டை கட்டத் தொடங்கியிருந்த இரண்டு குடும்பங்கள், நான் சொன்னதாகக் கேள்விப்பட்டு மூட்டையை அவிழ்த்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வெள்ளம் என்றால் சினிமாவில் வருவதுபோல் பேரிரைச்சலோடு வரும் என்றுதான் எண்ணியிருந்தேன். சத்தமே இல்லை. நடுச்சாமம் தாண்டி இரண்டு மணி இருக்கும், மாமா வெளியே போகக் கட்டிலைவிட்டுக் காலை இறக்கியவர், "ஏய், தண்ணி!" என்று கத்தினார். அடுக்களைக்குப் பின்னால் இருக்கும் கால்வாய் வழியே பூனைபோல் வந்து, வீடு முழுக்கப் பரவி, கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. அத்தையின் பிளாஸ்டிக் வாளி கூடத்தில் மிதந்து வந்து என் காலில் இடித்தது. மாமா மெயின் சுவிட்சை அணைத்தார். அதன்பிறகு கும்மிருட்டு.

வெளியே லயம் முழுதும் கூச்சல். யார் வீட்டுப் பிள்ளை யார் தோளில் என்று கணக்கே இல்லை. நடக்க முடியாத தாத்தா ஒருவரைச் செம்பனைக் குலை தள்ளும் ஒற்றைச் சக்கரவண்டியில் உட்காரவைத்து இரண்டு இளைஞர்கள் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். கிராணிமார் வீட்டுத் திண்ணையில் போய் நின்றோம். அங்கும் படி ஏறி வந்தது தண்ணீர். ஆகவே இன்னும் மேலே போனோம்.

அந்தப் புல்தரையில் அதுவரை நான் கால் வைத்ததில்லை. அங்கேயே பிறந்து அறுபது வயதான மாமாவும் வைத்ததில்லையாம். தோட்டத்து மேனேஜரின் மனைவி மெழுகுவர்த்தியோடு கதவைத் திறந்து, "உள்ளே வாங்க, எல்லாரும் உள்ளே வாங்க" என்றார். அந்த இருட்டிலும் அவசரத்திலும் எங்கள் சனங்கள் வாசலில் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போனதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பும் வருகிறது, வேறு என்னவோவும் வருகிறது. முக்கால்வாசிப் பேருக்குச் செருப்பே இல்லை. சேற்றுக் காலைப் புல்லில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார்கள்.

விடிந்ததும் மேட்டிலிருந்து பார்த்தோம். லயத்துக் கூரைகள் தெரிந்தன. கோயில் கோபுரத்தின் மேல்பாதி தெரிந்தது. மற்ற இடமெல்லாம் ஒரே தண்ணீர்; அதன்மேல் செம்பனை மட்டைகள் விசிறி விசிறியாக நின்றன. வானம் நீலமாக, துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஓர் உயிரும் போகவில்லை. தலையை எண்ணிப் பார்த்துவிட்டு எல்லாரும் அம்மனைக் கும்பிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் எனக்கு அந்தப் பை நினைவுக்கு வந்தது.

ஜனவரியில் முதலாம் ஆண்டில் சேரவிருந்த ஏழு பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள். எல்லாம் அசல். தோட்டத்தில் நகல் எடுக்கும் வசதி இல்லாததால், பட்டணத்துக்குப் போகும்போது எடுத்து வருகிறேன் என்று நானே வீடுவீடாகப் போய் வாங்கி வைத்திருந்தேன். மழையில் போக வேண்டாம், விட்டபின் போகலாம் என்று கட்டிலுக்கு அடியில், துணிப்பையில் வைத்திருந்தேன். நான்கு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது, முழங்கால் உயரச் சேற்றுக்குள் அந்தப் பை கிடைத்தது. உள்ளே இருந்தது கூழ்.

ஓடை ஏன் திரும்பி ஓடியது என்பதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் வானம் வெளுத்த வேளையில், மேலே பெய்திருந்த மழையெல்லாம் மூவார் ஆற்றில் இறங்கி வந்துகொண்டிருந்தது. பெரிய ஆறு உயர்ந்துவிட்டால் சிற்றோடைகள் அதில் கலக்க முடிவதில்லை. வாசலில் கூட்டம் அடைத்துக்கொண்டால் உள்ளே இருப்பவர் வெளியேற முடியாததுபோல, ஓடைத் தண்ணீர் தேங்கி நிற்கும். பிறகு ஆற்று நீரே ஓடை வழியாக உள்ளே தள்ளிக்கொண்டு வரும். பட்டணத்திலும் அப்படித்தான்: மூவார் ஆறு நிறைந்து நிற்கும்போது சிகாமட் ஆற்று நீர் வடிய வழி குறைகிறது. நம் தலைக்கு மேல் மழை பெய்கிறதா இல்லையா என்பதை ஆறு பார்ப்பதில்லை. இதைப் பாட்டி எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. சருகைப் பார்த்தார், அவ்வளவுதான்.

ஏழு பத்திரங்களில் ஆறுக்கு மாற்றுப் பத்திரம் வாங்குவதில் பெரிய சிரமம் இருக்கவில்லை. தாய் தகப்பன் அடையாளக் கார்டோடு போனார்கள், வாங்கி வந்தார்கள். ஏழாவது அந்தப் பாட்டியின் பேரனுடையது. அவன் சிகாமட்டில் பிறந்தவன் அல்லன். எந்த ஊர் ஆஸ்பத்திரி, எந்த அலுவலகத்தில் பதிந்தார்கள் என்பது பாட்டிக்குத் தெரியாது. பத்திர எண்ணை நானும் எழுதி வைக்கவில்லை. பையன் பள்ளியில் உட்கார்ந்து மற்றப் பிள்ளைகளோடு படித்தான். ஆனால் ஒவ்வொரு பாரத்தை நிரப்பும்போதும் அந்த ஒரு கட்டம் காலியாகவே இருந்தது. விடுமுறை நாள்களில் பாட்டியும் நானும் பஸ் ஏறிப் போவோம். அவர் மஞ்சள் பையில் சோறு கட்டி வருவார். வரிசையில் நிற்போம், கேட்ட கேள்விக்கு விடை தெரியாமல் திரும்பி வருவோம். அவன் மூன்றாம் ஆண்டு படிக்கும்போதுதான் பத்திரம் கைக்கு வந்தது.

இத்தனை அலைச்சலிலும் பாட்டி என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, தானாகவே பேச்சை எடுத்தார். "நான் அன்னிக்கி இன்னொரு தடவ சொல்லியிருக்கணும் டீச்சரம்மா. ஒரு தடவையோட விட்டுட்டேன். எம்மேலதான் தப்பு" என்றார். பஸ் வரும்வரை நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பருவத்தில் வெள்ளம் ஒரு தடவையோடு போகவில்லை. 2007 ஜனவரி நடுவில், சுவரில் சேறு காய்வதற்குள் மறுபடியும் வந்தது. ஜொகூர் மாநிலத்தில் அந்தத் தடவை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளைவிட்டு வெளியேற நேர்ந்தது. கோத்தா திங்கி பட்டணம் இருமுறை மூழ்கியதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு இரண்டாம் வெள்ளத்தில் நனைவதற்கு மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை.

2011 ஜனவரி கடைசி. சீனப் பெருநாளுக்கு மூன்று நான்கு நாள் இருக்கையில் சிகாமட்டைச் சுற்றிச் சாலைகள் தண்ணீருக்குள் போயின; லாபிஸ், சாஆ, யோங் பெங் என்று தெற்கே எங்கும் இதே நிலை. கடைகளிலிருந்து அடித்து வந்த மண்டரின் ஆரஞ்சுப் பழங்கள் சேற்றுத் தண்ணீரில் மஞ்சள் மஞ்சளாக மிதந்தன என்று பட்டணத்திலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அந்தத் தடவை லயத்தில் ஒருவரும் என்னிடம் யோசனை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பாட்டியின் வாசலில்தான் கூட்டம். அவர் மதியம் ஓடைக்கரைக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வந்து, கோழிக்கூட்டைத் திறந்துவிட்டார். அதுதான் சைகை. நான்கு மணிக்குள், வெளிச்சம் இருக்கும்போதே, எல்லாரும் மேட்டுக்குப் போய்விட்டோம். என் தோளில் என் மகள். கையில் பிளாஸ்டிக் உறையிட்டுக் கட்டிய பத்திரக் கட்டு. என்னுடையது மட்டுமன்று, லயத்தில் எல்லார் வீட்டுப் பத்திரமும் அதில் இருந்தது. திரும்பவும் என்னை நம்பித்தான் கொடுத்தார்கள். அதற்கு நான் என்ன சொல்ல?

பட்டணத்து வாசகர்கள் இதெல்லாம் தோட்டத்து, கம்பத்து விவகாரம் என்று எண்ணியிருந்த காலமும் உண்டு. 2021 டிசம்பர் 18ஆம் நாள் அந்த எண்ணத்தை மாற்றியது. தென்சீனக் கடலில் உருவான தாழ்வழுத்தமொன்று தீபகற்பத்தின்மேல் வந்து கொட்டியதில், ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மாடிவீட்டுக்காரர்களே கூரைமேல் ஏறி நின்றார்கள். அந்த வெள்ளத்தில் நாட்டில் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அங்கே இருக்கும் என் தங்கை தொலைபேசியில், "அக்கா, ரோட்டுல தண்ணி வருது, ஆனா கொஞ்சம்தான்" என்றாள். "கால்வாயில எந்தப் பக்கம் ஓடுது, போய்ப் பாரு" என்றேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். ஆனாலும் போய்ப் பார்த்தாள். பத்து நிமிடத்தில் பிள்ளைகளோடு காரில் ஏறிவிட்டாள்.

கடைசியாக 2023 மார்ச். மழைக்காலம் முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் மாதம்! ஜொகூரில் 40,000 பேருக்கு மேல் துயர்துடைப்பு மையங்களில் தங்கினார்கள். பத்து பகாட் பக்கம் தாழ்ந்த நிலமாகையால் தண்ணீர் வடியவே வாரக்கணக்கில் ஆயிற்று. எங்கள் சனங்களைப் பட்டணத்துப் பள்ளி மண்டபமொன்றில் தங்கவைத்தார்கள். குடும்பத்துக்கு ஒரு சிறு கூடாரம். முதல்நாள் இரவு மாட்டுக்கறி சமைத்திருந்தார்கள். எங்கள் பெண்கள் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்ததை ஒரு மலாய் மக்சிக் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் முதல் ஐந்து நாளும், தனிச் சட்டியில் சார்டினும் முட்டையும் எங்களுக்கென்று வந்தது. அவருடைய வீடும் தண்ணீருக்குள்தான் இருந்தது.

பாட்டி அந்த வெள்ளத்தைப் பார்க்கவில்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே காலமாகிவிட்டார். பேரன் இப்போது வளர்ந்து, சிங்கப்பூரில் லாரி ஓட்டுகிறான். கடப்பிதழ் எடுத்த அன்று என்னிடம் கொண்டுவந்து காட்டினான். மழைக்காலம் வந்துவிட்டால் அங்கிருந்து கைப்பேசியில் ஒரே கேள்வி வரும்: "டீச்சர், சருகு எந்தப் பக்கம்?"

அந்தக் கேள்வி இப்போது எங்கள் பள்ளியில் பாடமாகிவிட்டது. லயத்தில் பாதி வீடு காலி. பள்ளியில் பிள்ளைகள் முப்பதுக்கும் குறைவு. ஆனாலும் அக்டோபர் முடிந்ததும் வேலை தொடங்கிவிடும். நேரான சுவருள்ள மைலோ டின் ஒன்றை வெட்டவெளியில் வைத்து, தினமும் மழையை அடிக்கோலால் அளக்கிறார்கள். 100 மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கர் நிலத்தில் பெய்தால் அது ஏறக்குறைய நான்கு லட்சம் லிட்டர் தண்ணீர் என்று ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தபோது, ஒருவன் தோட்டத்தில் எத்தனை ஏக்கர் என்று கேட்டுவிட்டு மௌனமாகிவிட்டான். நெகிரி செம்பிலானை அவன் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. பூலோ காசாப்பில் மூவார் ஆற்றின் நீர்மட்டம் எவ்வளவு என்பதை வடிகால் நீர்ப்பாசனத் துறை இணையத்தில் வெளியிடுகிறது. சாதாரணம், வஸ்பாடா, அமாரான், பஹாயா என்று நான்கு படிகள். அதையும் பார்த்து எழுதுகிறோம்.

மூன்றாவதாக ஒன்று. தினமும் பள்ளி விட்டதும் ஒரு பெரிய பிள்ளையும் ஒரு சின்னப் பிள்ளையும் என்னோடு மரப்பாலத்துக்கு வந்து, ஒரு சருகை ஓடையில் போட்டு, அது போகும் திசையைக் கரும்பலகை ஓரத்தில் எழுத வேண்டும். "கீழே" அல்லது "மேலே". பள்ளிக்கு வந்த அதிகாரி ஒருவர், இது என்ன பாடத்தில் சேர்ந்தது என்று கேட்டார். அறிவியல் என்றேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் இன்று காலையிலிருந்து மழை, மதியம் விட்டது. டின்னில் 42 மில்லிமீட்டர். ஆறு "வஸ்பாடா" நிலையில் இருக்கிறது. இன்றைக்குச் சருகு போட்டவள் இரண்டாம் ஆண்டுப் பிள்ளை. கீழே என்றும் எழுதாமல் மேலே என்றும் எழுதாமல், கோணல் எழுத்தில், "அங்கேயே சுத்துது" என்று எழுதியிருக்கிறாள். அத்தையின் மருந்துப் பையையும் பத்திரக் கட்டையும் வாசலுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டேன். மாமா கோழிக்கூட்டைத் திறக்கப் போயிருக்கிறார்.